“கம்பி எனக்கு, ரப்பிஷ் இலவசம்”: எரிந்த கட்டடத்தை அவசரப்பட்டுக் கொடுக்கலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் காலமான பிறகு அவருடைய ஒரே வருமானம் பஜாரில் உள்ள கட்டடத்தின் வாடகை. கீழே ஜவுளிக்கடை. முதல் மாடியில் செல்போன் சர்வீஸ் கடையும் அதன் குடோனும். இரண்டாம் மாடியில் ஜவுளிக்கடையின் ஸ்டாக் ரூம். மொட்டை மாடி முழுக்க 1990களில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. போன மாதம் ஓர் இரவு பிடித்த தீ மறுநாள் மதியம்தான் அடங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. “மாடியில் சரவெடி கொளுத்திப் போட்ட மாதிரி பட்பட்டென்று வெடித்துக்கொண்டே இருந்தது” என்று எழுதியிருக்கிறார்.

அபாயமான கட்டடத்தை 15 நாளில் அகற்றச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் கொடுத்துவிட்டது. அதில் ஆறு நாள் போய்விட்டது. இடிப்பு கான்ட்ராக்டர் ஒருவர் வந்து, “கம்பி, இரும்பு, வயர் எல்லாம் எனக்கு. ரப்பிஷை நானே அள்ளிக்கொண்டு போய்விடுகிறேன். நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம், ஐந்தே நாளில் இடம் சுத்தம்” என்று சொல்லியிருக்கிறார். “இப்படி ஆள் கிடைப்பதே பெரிய விஷயம், அக்கா” என்கிறார் தம்பி. இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருமுறை வந்து வெளியே நின்று பார்த்ததோடு சரி. வாடகைதாரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்காரர்கள் சாம்பல் பறக்கிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் படிக்கட்டைப் பெருக்கினான், இப்போது இருமுகிறான்.

அவருடைய கேள்விகள்: கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் என் பொறுப்பு தீர்ந்தது இல்லையா? எல்லாம் எரிந்து சாம்பலான பிறகு அதில் என்ன விஷம் மிச்சம் இருக்கப்போகிறது? உள்ளே கிடக்கும் வாடகைதாரர் சாமான்களை நான் விற்கலாமா? பள்ளிக்காரர்களுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, அந்தப் பட்பட் சத்தம்தான். செல்போன் பேட்டரி வெடித்தது என்று நினைத்திருக்கிறீர்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் மாடியில் வெடித்தது பெரும்பாலும் உங்கள் கூரை. ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் வேகமாகச் சூடேறினால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அதைச் சில்லுசில்லாகத் தெறிக்க வைக்கும். அந்தச் சில்லுகள் உங்கள் மொட்டை மாடியில் மட்டும் கிடக்கின்றன என்று நினைக்காதீர்கள். பள்ளி மைதானத்தில் பாண்டி ஆடும் பிள்ளைகள் கையில் இன்று என்ன சில்லு இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முதலில் தலைமை ஆசிரியரைப் பார்த்து இதைச் சொல்லுங்கள். பள்ளிக்காரர்களுக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

எரிந்தால் விஷம் போய்விடுமா?

நெருப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் என்பது நம் நம்பிக்கை. கோயில் ஹோமத்துக்கு அது சரி. ஜவுளிக்கடைக்குச் சரிவராது. ஆஸ்பெஸ்டாஸ் இழையின் தன்மையை மாற்றப் பல நூறு டிகிரி வெப்பம் நெடுநேரம் வேண்டும். கட்டடத் தீயில் ஷீட் அதற்கு முன்பே உடைந்து கீழே விழுந்துவிடும். சிமென்ட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த இழை இப்போது தூசியோடு தூசியாகக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, மூக்கை உறுத்தாது. நுரையீரலில் தங்கிவிட்டால் புற்றுநோயாக வெளிவர 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம்.

மற்றவையும் இருக்கின்றன. எரிந்த வயரின் பிவிசி உறையிலிருந்து வந்த அமிலம் புகைக்கரியில் படிந்திருக்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் அலமாரிகூட இந்த ஒரு மாதத்தில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உடைந்த டியூப்லைட்டில் பாதரசம். யுபிஎஸ் பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும். பழைய பெயின்டிலும் ஈயம் இருக்கும். வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. செல்போன் குடோனில் அடிபட்டுக் கிடக்கும் லித்தியம் பேட்டரிகள் நாள்கள் கழித்தும் மறுபடி தீப்பிடிக்கும். ஜேசிபி பக்கெட்டில் நசுங்கினால் கேட்கவே வேண்டாம். நனைந்த துணிப் பேல்களையும் மறக்காதீர்கள். மேலே ஈரமாக இருக்கும், நடுவில் கனன்றுகொண்டிருக்கும்.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது, ஒரு வாரத்துக்குள் காற்று சுவாசிக்கத் தகுந்தது என்று அங்குள்ள சுற்றுச்சூழல் முகமையின் தலைவரே அறிவித்தார். அந்தத் தூசியால் நோயுற்ற மீட்புப் பணியாளர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சிகிச்சை தர 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வாசனை போய்விட்டது, கண் எரியவில்லை என்று யாராவது சொன்னால் இது நினைவில் இருக்கட்டும்.

இலவசம் இலவசமில்லை

இப்போது உங்கள் கான்ட்ராக்டருக்கு வருவோம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ரப்பிஷை எங்கே கொட்டுவீர்கள்?”

“அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்க்கா” என்று பதில் வந்தால், ஏதோ ஓர் ஏரிக்கரை, பள்ளம், புறம்போக்கு என்று அர்த்தம். 2017 மே 31 அன்று சென்னை தி.நகர் உஸ்மான் ரோட்டில் ஏழு மாடி ஜவுளிக்கடை பற்றி எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளுக்கும் மேல் எரிந்தது. கட்டடம் இடிக்கும் எந்திரமான ‘ஜா கட்டர்’ என்ற சொல் நம் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். எல்லோரும் டிவியில் அந்த எந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். லாரிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று நானும்தான் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடோன் உரிமையாளருக்காக நான் ஆஜரானேன். உங்களுக்கு வந்த மாதிரியே ஓர் இலவச ஏற்பாடு. ராத்திரி டிப்பர் போய்க் குளக்கரையில் கொட்டியது. காலையில் ஊர்க்காரர்கள் அந்தக் கரிக்குவியலிலிருந்து பாதி எரிந்த பில் புத்தகம் ஒன்றை எடுத்தார்கள். அட்டை கருகியிருந்தது, கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் பளிச்சென்று இருந்தன. கான்ட்ராக்டரின் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். அவர் எழுதிக் கொடுத்த ‘முழுப் பொறுப்பும் என்னைச் சேர்ந்தது’ பத்திரம் எங்கள் கையில் இருந்தது. அதை வைத்து அவர்மேல் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அரசிடமோ பாதிக்கப்பட்டவரிடமோ அதைக் காட்டித் தப்ப முடியாது.

காரணம், சட்டம் கழிவு யாரிடமிருந்து புறப்பட்டது என்று பார்க்கிறது. கட்டுமான, இடிப்புக் கழிவுக்கான விதிகள் அதை உண்டாக்குபவர்மேல் பொறுப்பை வைக்கின்றன. அபாயக் கழிவு என்றால் 2016ஆம் ஆண்டு விதிகளின் 23ஆம் விதி வருகிறது: சுற்றுச்சூழலுக்கோ பிறருக்கோ வரும் பாதிப்புக்கு, கழிவு புறப்பட்ட இடத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், கொண்டுபோகிறவர், கையாளும் மையம் எல்லோருமே பொறுப்பு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஐந்தே நாளில் இடம் சுத்தமாகலாம். ஐந்தாண்டு வரை வழக்கு வரலாம்.

இன்னொன்று. உங்கள் தம்பி இதைக் கவனித்திருக்க மாட்டார். கம்பியும் இரும்பும் உங்கள் இன்சூரன்ஸ் கணக்கில் ‘சால்வேஜ்’. சர்வேயர் அதற்கு ஒரு விலை போட்டு உங்கள் கிளைமில் கழிப்பார். அதாவது நீங்கள் கான்ட்ராக்டருக்குச் சும்மா கொடுத்த கம்பிக்கு, உங்கள் பணத்திலிருந்தே கழித்துக்கொள்வார்கள். அதோடு சர்வேயர் உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன் இடம் காலியாகிவிட்டால், எது எரிந்தது என்பதற்கே ஆதாரம் இருக்காது.

உங்கள் பாலிசி எது என்று கடிதத்தில் இல்லை. 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த, 5 கோடி ரூபாய்க்குள் மதிப்புள்ள வணிகக் கட்டடம் என்றால் பெரும்பாலும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’வாக இருக்கும். அதில் இடிபாடு அகற்றும் செலவுக்குக் கிளைம் தொகையில் 2 சதவீதம் வரையும், ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் போன்றோர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் கிடைக்கும். 40 லட்சம் கிளைம் என்றால் இடிபாட்டுக்கு 80,000 ரூபாய். முழுச் செலவுக்குப் போதாது. ஆனால் கேட்காமல் விட வேண்டிய தொகையும் இல்லை. பில் இல்லாத வேலைக்கு இது கிடைக்காது. ‘இலவச’ கான்ட்ராக்டர் பில் தர மாட்டார்.

நோட்டீஸுக்குப் பயந்து ஓட வேண்டாம்

15 நாள் என்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறீர்கள். நோட்டீஸை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. சரியும் நிலையில் உள்ள சுவர் தெருவில் விழுந்தால் அலட்சியத்துக்காகக் குற்ற வழக்கு உங்கள்மேல் வரலாம். ஆனால் நோட்டீஸின் கவலை கட்டடம் யார் தலையிலும் விழக் கூடாது என்பது. அதற்கு உடனே செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, மற்றதற்கு அவகாசம் கேட்கலாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்து எது இன்றே இறக்கப்பட வேண்டும், எது முட்டுக் கொடுத்தால் நிற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். தெருப்பக்கம் தகர வேலி, மொட்டை மாடிக் குவியலை நனைத்துத் தார்ப்பாய். இவற்றைப் போட்டோ எடுத்து, இன்ஜினியர் சான்றிதழுடன் நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். இடிபாட்டில் ஆஸ்பெஸ்டாஸும் பேட்டரியும் இருப்பதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் கேட்டிருப்பதாகக் குறிப்பிட்டு அவகாசம் கோருங்கள். அதே நாளில் அந்த வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். இரண்டிலும் முத்திரை போட்ட நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எப்படி அகற்றுவது

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இலவச ஆளிடம் அப்படியே கொடுப்பது. அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மொத்தக் குவியலையும் அபாயக் கழிவாகவே அனுப்புவது. நூற்றுக்கணக்கான டன் செங்கல்லுக்கு அது தேவையில்லை, உங்களுக்குக் கட்டுப்படியும் ஆகாது. நான் சொல்வது நடு வழி: விஷமுள்ள பொருளை முதலில் தனியாக வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சாதாரண இடிப்பு வேலையாகச் செய்வது. அதற்கு ஆள் கிடைப்பார்கள். இலவசமாக வந்தவரே, எழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதித்தால், அவரையே வைத்துக்கொள்ளலாம்.

ஷீட்டிலிருந்து தொடங்குங்கள். உலர்ந்த நிலையில் தொடக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்த தண்ணீரைப் பூச்சிமருந்து அடிக்கும் ஸ்பிரேயர் போன்ற ஒன்றில் (புதிதாக வாங்கியதில்) மெல்லிய தூறலாக அடிக்க வேண்டும். சோப்பு கலந்தால் தூசிக்குள் ஈரம் நன்றாக இறங்கும். வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன் மாதிரி வேகமாகப் பீய்ச்சினால் இழை தெறித்துப் பரவும். விளக்குமாறும் கூடாது, புளோயரும் கூடாது. முழுசாக இருக்கும் ஷீட்டை உடைக்காமல் கையால் இறக்க வேண்டும், மேலிருந்து வீசக் கூடாது. தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, ‘ஆஸ்பெஸ்டாஸ் கழிவு, உடைக்காதீர்’ என்று எழுதுங்கள். சில்லும் அதை ஒட்டிய சாம்பலும் அதே மாதிரி இரட்டைப் பையில். நல்ல ஷீட்டாக நாலு தேறும், மாட்டுக்கொட்டகைக்குப் போடலாம் என்று யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

பேட்டரிகளை வேறு யாரும் தொடும் முன், கட்டடத்துக்கு வெளியே திறந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் மணல் பரப்பிய இரும்பு டிரம்மில் வைக்கச் சொல்லுங்கள். டியூப்லைட் தனி. வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்க அனுமதிக்கவே கூடாது. காயலாங்கடைக்காரர்கள் சத்தமில்லாமல் செய்யும் வேலை அது. இந்தப் பைகளும் டிரம்களும் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற அபாயக் கழிவு மையத்துக்கோ, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமோ போக வேண்டும். உங்களுக்கு எது பக்கம் என்று சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் சொல்லும். அபாயக் கழிவு வண்டி புறப்படும்போது ‘மேனிஃபெஸ்ட்’ என்ற படிவம் 10 போட வேண்டும். மையம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட நகல் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். அந்தத் தாள் வந்த பிறகு கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணைப் பணம். வரிசை மாறக் கூடாது.

வேலை செய்பவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. குறையாகச் சொல்லவில்லை, யாரும் எழுதுவதில்லை. ஆனால் அந்தத் தூசியை அதிகம் உள்ளே இழுக்கப்போவது தலையில் சட்டி சுமக்கும் சித்தாள் பெண்தான். நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கோ துண்டோ இதற்கு ஆகாது. எஃப்எஃப்பி3 அல்லது பி100 வகை மாஸ்க், முகத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, உடை மாற்ற ஓர் அறை. இல்லாவிட்டால் சேலைத் தலைப்பில் ஒட்டிய தூசி வீட்டில் குழந்தைமேல் உதிரும். பாரிஸில் நோத்ர்தாம் தேவாலயம் 2019இல் எரிந்தபோது கூரையின் ஈயம் எங்கும் படிந்தது. தொழிலாளர் பாதுகாப்பு ஏற்பாடு போதவில்லை என்று ஜூலை இறுதியில் வேலையை நிறுத்தி, சரிசெய்த பிறகே ஆகஸ்டில் மீண்டும் தொடங்கினார்கள். நம் ஊரிலும் சட்டம் இதில் குறைவில்லை: ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு அவர்களின் மருத்துவப் பதிவைக் காக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் மாஸ்க், குளியல், தொழிலாளர் இன்சூரன்ஸ் மூன்றும் தனி வரிகளாக வரட்டும்.

வாடகைதாரர், பள்ளி, மகன்

கட்டடம் எரிந்ததும் வாடகை ஒப்பந்தம் தானாக முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவின்படி, தீயால் இடம் பயன்படாமல் போனால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை வாடகைதாரருக்குத்தான். உள்ளே கிடப்பதும் அவர்கள் சொத்துதான், அதனால் விற்காதீர்கள். ஆனால் அதில் உங்களுக்குச் சாதகமும் உண்டு: பேட்டரியும் துணிப் பேலும் அவர்களுடையது என்றால் அதை அகற்றும் செலவில் பங்கும் அவர்களுடையது. ‘ஏழு நாளில் வந்து பட்டியல் எடுத்து, முறைப்படி அகற்றுங்கள், தவறினால் நாங்கள் அகற்றிச் செலவை உங்களிடம் வசூலிப்போம்’ என்று பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் மட்டும் போதாது. தீ எங்கிருந்து தொடங்கியது என்ற தீயணைப்புத் துறை அறிக்கைக்கும் இப்போதே மனுப் போடுங்கள். பிறகு யார் யாரிடம் கேட்பது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

பள்ளியிடம் சண்டை வேண்டாம். வேலை நாள்களை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஷீட் இறக்கும் வேலையை விடுமுறை நாளுக்குத் தள்ளுங்கள். அவர்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை உங்கள் செலவில் கழுவி மூடிக் கொடுங்கள். சில ஆயிரம்தான் ஆகும். இதைத் தவறை ஒப்புக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ளாதபடி கடிதத்தில் ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வக்கீல் புத்தி, போகாது.

மகனைப் பற்றி. நான் டாக்டர் இல்லை. பார்த்த வழக்குகளில் டாக்டர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்: இந்த வகை நோய்கள் பெரும்பாலும் நீண்ட நாள், அதிக அளவு தூசியில் வேலை செய்தவர்களுக்கு வருகின்றன. இரண்டு நாளில் ஆபத்து பூஜ்யம் இல்லை, ஆனால் மிகக் குறைவு. இப்போதைய இருமல் புகைக்கரியின் உறுத்தலாக இருக்கலாம். நெஞ்சக மருத்துவரிடம் காட்டி, எங்கே, எத்தனை நாள் பெருக்கினான் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்றைய எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. சுத்தமாக வந்தால் அதை வைத்து நிம்மதியும் அடைய முடியாது, பத்திரமாக வைத்திருங்கள். அன்று போட்டிருந்த சட்டையையும் கைக்குட்டையையும் நனைத்துப் பையில் கட்டி ஷீட் கழிவோடு சேர்த்துவிடுங்கள். அவன் சிகரெட் பிடிப்பவன் என்றால், ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகும் என்பதை நீங்கள் சொல்வதைவிட டாக்டர் வாயால் கேட்கட்டும்.

நோட்டீஸில் உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக் காலை தார்ப்பாயும் இன்ஜினியரும். மதியம் நகராட்சிக்கும் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கும் கடிதம். சாயங்காலம் சர்வேயருக்கு, ‘உள்ளே வந்து பார்க்கும் வரை எதையும் அகற்ற மாட்டேன், தேதி சொல்லுங்கள்’ என்று ஒரு மெயில். கான்ட்ராக்டர் போன் செய்தால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, எங்கே கொட்டுவார் என்பதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.